எபினேசர் சிரித்த காரணம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரிகளுக்கான இரும்புப் பாகங்களை அடித்து உருவாக்கும் கம்பெனி ஒன்று இருக்கிறது. அதன் ஹேமர் ஷெட்டில் பதினேழு வருஷம் வேலை பார்த்தவர் எபினேசர். வயது நாற்பத்தாறு. புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே போகிற சாலையில் ஒரு காலனியில் வீடு. மனைவி ஷைனிக்கு ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலை. ஒரே மகள் ஜெபா பொன்னேரிக் கல்லூரிக்குப் போய் வருகிறாள். எபினேசரின் அப்பாவும் அம்மாவும் கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான்.

ஹேமர் என்றால் நாம் கையில் பிடிக்கிற சுத்தியல் இல்லை. ஓர் ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும். உலையில் பழுத்த இரும்பை ஒருவர் நீண்ட இடுக்கியால் பிடித்துக் கீழே வைப்பார். இன்னொருவர் நெம்புகோலை இழுத்தால் மேலேயிருந்து இரும்புப் பாளம் இறங்கி அடிக்கும். ஒரு ஷிஃப்டில் இரண்டாயிரம் அடி, மூவாயிரம் அடி. அப்படி ஷெட்டில் நான்கு ஹேமர்கள். அங்கே யாரும் யாரோடும் பேச மாட்டார்கள், பேசினாலும் கேட்காது. எல்லாம் கை ஜாடைதான். விரல் ஒன்றைக் காட்டினால் ஓர் அடி. உள்ளங்கையைத் திருப்பினால் மெதுவாக. முஷ்டியைக் காட்டினால் நிறுத்து.

நெம்புகோல் எபினேசருடையது. இடுக்கி சுப்பராயனுடையது. இருவரும் ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சுப்பராயனின் கைகள் ஹேமருக்கு ஒரு முழம் தள்ளித்தான் எப்போதும் இருக்கும். பதினேழு வருஷத்தில் அந்தக் கைகளில் ஒரு கீறல்கூட எபினேசரால் விழுந்ததில்லை.

எபினேசருக்குக் காது மந்தமாக ஆரம்பித்து பத்து வருஷம் இருக்கும். முதலில் செல்போன் மணி கேட்காமல் போனது. அப்புறம் ஜெபாவின் குரல். ஷெட்டுக்குள் இது யாருக்கும் தெரியவில்லை. கை ஜாடையில் ஓடுகிற இடத்தில் காது கேட்கிறவன் யார், கேட்காதவன் யார்? வெளியே வந்தால்தான் பேஜாரு. டீக்கடையில், கம்பெனி வேனில், சர்ச்சில் ஆட்கள் பேசும்போது அவர் உதடுகளைப் பார்த்தார். உதட்டில் பிடிபடாதபோது சிரித்தார். சிரித்தால் பெரும்பாலும் சரியாகப் போய்விடும் என்று கண்டுகொண்டார். நல்ல மனுஷன், எதற்கும் கோபப்பட மாட்டான் என்று பேர் வந்தது.

அந்தச் சிரிப்புதான் ஒரு நாள் அவர் காலை வாரிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலை, கம்பெனி கேட்டருகே சுப்பராயன் எதிரே வந்தார். பின்னால் ஒரு டிரெய்லர் லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. சுப்பராயன் துண்டால் வாயைப் பொத்தியபடி ஏதோ சொன்னார். உதடு தெரியவில்லை. முந்தைய வாரமெல்லாம் அவர் திருப்பதி போகப்போவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால், கிளம்பிவிட்டார் என்று எபினேசர் நினைத்துக்கொண்டார். வாய் நிறையச் சிரித்து, தோளில் ஒரு தட்டுத் தட்டி, "சூப்பர்ப்பா! ஜாலியா போய்ட்டு வா!" என்றார்.

சுப்பராயன் சொன்னது, காலையில் அம்மா இறந்துவிட்டாள், ஊருக்குப் போகிறேன் என்று.

அடுத்த வாரம் ஷைனி மூலம்தான் எபினேசருக்கு விஷயம் தெரிந்தது. ஊரிலிருந்து திரும்பிய சுப்பராயனின் மனைவி அவளை மார்க்கெட்டில் பிடித்துக் கேட்டிருக்கிறாள்.

"சாவு சேதி சொன்னா உங்க ஊட்டுக்காரரு சிரிச்சிக்கினே ஜாலியா போய்ட்டு வான்றாராம். மூஞ்சிக்கு நேரா கேக்குறா. எனுக்கு இன்னா சொல்றதுன்னே தெரில. நீ சிரிச்சியா?" என்றாள் ஷைனி, முகத்துக்கு நேராக நின்று.

எபினேசர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"போய்ச் சொல்லு. எனுக்குக் காது கேக்கலப்பா, தப்பா நெனச்சிக்காதன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சிது."

"சொன்னா நாளிக்கே ஷெட்டு பூராத் தெரிஞ்சிடும்."

"தெரியட்டுமே."

"தெரிஞ்சா தூக்கிடுவானுங்க ஷைனி. கண்ணு தெரிலன்னு ஒருத்தன அப்புடித்தான் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுன்னு அனுப்புனானுங்க. இன்னும் கூப்புடல."

அவர் கான்ட்ராக்ட் தொழிலாளி. பதினேழு வருஷத்தில் கான்ட்ராக்டரின் போர்டு நான்கு முறை மாறியது, ஆள் மாறவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனார். படத்துக்கு மாலையைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றார். சுப்பராயன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அன்றிலிருந்து பேச்சு நின்றது. ஷெட்டில் மட்டும் விரல்கள் பேசின. ஒன்று, இரண்டு, மெதுவாக, நிறுத்து. பேச்சே தேவைப்படாத வேலை என்பதால் இருவருக்கும் பகை என்று யாருக்கும் தெரியவில்லை. சுப்பராயன் வீட்டில் நண்பனின் தாய் சாவுக்குச் சிரித்தவன் என்ற பேரோடு எபினேசர் இரண்டு வருஷம் அந்த ஹேமரில் நின்றார். செவிடன் என்று தெரிவதைவிட அது பரவாயில்லை என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். ஆனால் சமாதானம் ஆகவில்லை. சர்ச்சில் முழங்கால் போடும்போதெல்லாம் அந்தத் துண்டும் அந்த முகமும்தான் முன்னால் வந்து நின்றன.

புதிய தொழிலாளர் சட்டங்கள் அமலுக்கு வந்த கொஞ்ச நாளில் கேன்டீன் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பாதுகாப்பு அதிகாரி ரகு அதை உரக்க வாசித்துக் காட்டினார். நாற்பது வயது தாண்டிய எல்லாருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை இலவச உடல் பரிசோதனை. பர்மனென்ட், கான்ட்ராக்ட் வித்தியாசம் கிடையாது. ஆட்கள் கை தட்டினார்கள். எபினேசரும் தட்டினார். எல்லாரும் கலைந்த பிறகு நோட்டீஸ் அருகே போய்ப் படித்தார். ரத்தம், சர்க்கரை, நெஞ்சு எக்ஸ்ரே, கண், காது.

பரிசோதனை வேன் மூன்று நாள் கம்பெனிக்குள் நின்றது. முதல் நாள் எபினேசர் காய்ச்சல் என்று லீவு போட்டார். இரண்டாம் நாள் வேலையை முடித்ததும் பின் கேட் வழியாக நழுவினார். மூன்றாம் நாள் ரகுவே ஹேமருக்குப் பக்கத்தில் வந்து நின்று பட்டியலைக் காட்டி, விரலால் அவர் பேரைத் தொட்டார். தப்ப வழியில்லை. வரிசையில் பதினைந்து பேர். எபினேசருக்கு அடுத்து நின்றது சுப்பராயன்.

காதுப் பரிசோதனை வேனின் கடைசியில் ஒரு சின்ன அறையில் நடந்தது. நடுவில் கண்ணாடி. அந்தப் பக்கம் கருவியோடு நந்தினி என்ற இளம்பெண். திருவள்ளூரிலிருந்து வருகிறவள். போன ஆட்களிடம் எபினேசர் முன்பே விசாரித்து வைத்திருந்தார்: காதில் மாட்டிவிடுவார்கள், பீப் சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். உட்கார்ந்ததும் அவர் நந்தினியின் தோளைப் பார்த்தார். பொத்தானை அமுக்கும்போது அது இம்மியளவு அசைந்தது. கை ஜாடையிலேயே பதினேழு வருஷம் ஓட்டியவருக்கு அது போதும். தோள் அசைந்தது, கையைத் தூக்கினார். அசைந்தது, தூக்கினார். ஒன்றைக்கூட விடவில்லை.

நந்தினி நிறுத்தினாள். இவ்வளவு கூர்மையான காதை அந்த மூன்று நாளில் அவள் பார்த்திருக்கவில்லை. ஒரு ஃபைலை எடுத்துத் தன் தோளை மறைத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். எபினேசருக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை. குத்துமதிப்பாக இரண்டு தடவை கையைத் தூக்கினார். பிறகு தூக்கவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிவரை இறங்கியது.

அவள் கதவைத் திறந்து உள்ளே வந்து அவர் காதிலிருந்ததைக் கழற்றினாள். ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: "அண்ணா, எத்தனை வருஷமா கேக்கல?"

எபினேசர் கையெடுத்துக் கும்பிட்டார். "நார்மல்னு போட்டுடும்மா. பொண்ணு படிச்சிக்கினு கீது. இந்த வேல போச்சின்னா எனுக்கு வேற ஒண்ணும் தெரியாது."

நந்தினி தாளையும் பேனாவையும் மறந்துவிட்டாள். குனிந்து, அவர் காதருகே, தொண்டை கிழியக் கத்தினாள்: "அண்ணா! காது போனது உங்க தப்பு இல்ல! இந்தச் சத்தத்துலதான் போயிருக்கு! நான் நார்மல்னு எழுதினா நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுமே கிடைக்காது! ஈஎஸ்ஐ-ல இதுக்கு நஷ்டஈடு குடுக்கச் சட்டம் இருக்கு! ரிப்போர்ட் ஒரு காப்பி நீங்களே வச்சிக்கோங்க!"

பத்து வருஷத்தில் வீட்டுக்கு வெளியே அவர் காதில் முழுதாக விழுந்த பேச்சு அதுதான். வேனின் கதவு திறந்திருந்ததால் வெளியே நின்ற பதினாலு பேருக்கும் அது விழுந்தது.

எபினேசர் தாளோடு படியிறங்கியபோது வரிசை அசையாமல் நின்றது. சிலர் தரையைப் பார்த்தார்கள். சுப்பராயன் மட்டும் நகர்ந்து அவர் முன்னால் வந்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வாய் அவரைப் பார்த்துத் திறந்தது. ஒவ்வொரு வார்த்தையாக, உதட்டை அகட்டி அகட்டிக் கேட்டார்.

"அன்னிக்கி கேட்டாண்ட நான் சொன்னது... உனுக்குக் கேக்கவே இல்லியா?"

"இல்லப்பா. திருப்பதிக்குப் போறேன்னு நெனச்சிட்டேன்."

"ரெண்டு வருஷம்டா! ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா உனுக்கு?"

"எப்புடிச் சொல்றது சுப்பராயா?"

சுப்பராயன் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எபினேசரின் மார்பில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். வலிக்கிற தள்ளு இல்லை. பிறகு வேனுக்குள் ஏறினார்.

பத்து நாள் கழித்து காலையில் எபினேசர் கேட்டில் இருந்த கருவிக்கு முகத்தைக் காட்டினார். சிவப்பு விளக்குதான் எரிந்தது. மறுபடி காட்டினார். மறுபடி சிவப்பு. கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் துளசிராமன் அங்கேயே காத்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை. மேலே சொன்னதைக் கீழே சொல்கிறவர்.

"நைனா, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு. நானே ஃபோன் பண்ணுறேன்."

எபினேசருக்கு உதடுகள் நன்றாகவே புரிந்தன. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்து வந்த ஷைனி அவரைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். திட்டவில்லை. காதே தேவைப்படாத கம்பெனியாகப் பார்த்துப் போகலாம் என்று ஏதோ விளையாட்டுக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சிலிருந்து திரும்பியபோது வாசலில் பைக்கோடு சுப்பராயன் நின்றிருந்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எபினேசரிடம் நீட்டினார். அது சுப்பராயனுடைய ரிப்போர்ட்.

"எனுக்கும் போயிக்குது. உன் அளவுக்கு இல்ல, ஆனா போயிக்குது. நம்ம ஷெட்டுல டெஸ்ட்டு எடுத்தது இருவத்திமூணு பேரு. அதுல பதினோரு பேருக்கு போயிக்குது."

எபினேசர் தாளையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரகு சாரப் பாத்தேன். இது வேலையால வர்ற நோவு. தெரிஞ்சிதுன்னா கம்பெனி ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்கு எழுதியே ஆவணுமாம். ஈஎஸ்ஐ-லயும் மனு குடுக்கணும். உன்ன ஒருத்தன தூக்கலாம். பதினோரு பேரத் தூக்குனா ஹேமர யாரு இழுப்பா? நாளிக்கி எல்லாரும் சேர்ந்து போறோம். நீ வர்ற."

ஷைனி உள்ளேயிருந்து இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள். இருவரும் ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். எபினேசர் சுப்பராயனின் அம்மாவைப் பற்றிக் கேட்டார். கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று சுப்பராயன் இரண்டு வருஷம் தாமதமாக அவருக்குச் சொன்னார். புரியாத இடங்களில் திரும்பச் சொன்னார்.

திங்கட்கிழமை பதினோரு பேரும் ஈஎஸ்ஐ மருந்தகத்தில் ஒரே மாதிரித் தாள்களோடு நின்றார்கள். அதே நாளில் ரகு மேனேஜரின் அறையில் இருந்தார். இன்ஸ்பெக்டருக்கு எழுத வேண்டாம், காதுக்கு மாட்டிக்கொள்ள ஏதாவது வாங்கிக் கொடுத்து முடித்துவிடலாம் என்றார் மேனேஜர். "இத மறைச்சா நாளைக்கு என் கையெழுத்துதான் சார் பதில் சொல்லணும்" என்றார் ரகு. பேச்சு இரண்டு மணி நேரம் நடந்தது. கடைசியில் கடிதம் போனது.

ஈஎஸ்ஐ-யில் வேறு சிக்கல் காத்திருந்தது. எபினேசர் தங்களிடம் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, காது அதற்கு முன்பே போயிருக்கும் என்று கான்ட்ராக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ஐந்து மாதத்துக்கு முன்னால்தான் நான்காவது முறையாகப் போர்டு மாறியிருந்தது. கவுன்ட்டரில் இருந்த ஜோதிலட்சுமி என்ற ஊழியர் எபினேசரின் ஈஎஸ்ஐ எண்ணைக் கேட்டு வாங்கித் தட்டினார். தட்டிவிட்டு மானிட்டரை அவர் பக்கம் திருப்பினார். ஐந்து கான்ட்ராக்டர் பேர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதே கம்பெனியின் விலாசம். எண் ஒன்றேதான், பதினேழு வருஷமாக.

"போர்டு மாறினா நம்பர் மாறாதுங்க. நீங்க எங்க இருந்தீங்கன்னு இது சொல்லும்" என்று சொன்ன ஜோதிலட்சுமி, அவருக்குப் புரியவில்லை என்று கண்டு அதையே ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். கையில் ஒரு சின்னக் கருவியோடு நான்கு ஹேமர்களுக்கும் நடுவில் நின்று சத்தத்தை அளந்தார். அளந்து முடிக்கும்வரை அவரும் காதைப் பொத்தித்தான் வைத்திருந்தார் என்று சுப்பராயன் பிற்பாடு நடித்துக் காட்டினார். அடுத்த வாரம் துளசிராமன் ஃபோன் செய்தார். எபினேசரால் ஃபோனில் பேச முடியாதே என்று ஞாபகம் வந்து, அவரே வீடு தேடி வந்தார். வேறு செக்‌ஷன், டெஸ்பாட்ச்சில், முடிந்த பாகங்களைச் சரிபார்த்து அட்டை கட்டுகிற வேலை, நாளைக்கே வந்துவிடு என்றார். நின்றபடியே சொல்லிவிட்டுப் போகாமல், ஷைனி கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

மூன்று மாதம் கழித்து சென்னையில் மருத்துவக் குழு முன்னால் எபினேசர் மறுபடி ஓர் அறைக்குள் உட்கார்ந்தார். இந்த முறை யார் தோளையும் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய கேட்கும் திறன் இவ்வளவு போய்விட்டது, அது வேலையினால் போனது என்று எழுதிக் கொடுத்தார்கள். மாதாமாதம் ஆயுளுக்கும் ஒரு தொகை வரும். பெரிய தொகை இல்லை. ஹேமரில் கிடைத்துவந்த ஊக்கத்தொகை டெஸ்பாட்ச்சில் கிடையாது என்பதால், கூட்டிக் கழித்தால் வீட்டுக்கு வருவது முன்பைவிடக் கொஞ்சம் குறைவுதான். பதினோரு பேரில் இதுவரை நான்கு பேருக்குத்தான் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. சுப்பராயனிடம், காது இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை, அடுத்த வருஷம் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஷெட்டில் எல்லாருக்கும் தலையில் மாட்டும் காதுக் கவசம் வந்திருக்கிறது. நாள் முழுக்க யாரும் ஹேமரில் நிற்கக் கூடாது, பாதி நாள்தான் என்று மாற்றியிருக்கிறார்கள்.

நெம்புகோலை விட்டது எபினேசருக்கு வருத்தம்தான். புதிதாக அதைப் பிடித்திருக்கிற ஆளைப் பற்றிச் சுப்பராயனிடம் அடிக்கடி விசாரிப்பார். "பரவால்ல. கத்துக்குவான்" என்பார் சுப்பராயன். அவ்வளவுதான் சொல்வார்.

ஈஎஸ்ஐ-யில் காதுக் கருவியும் கிடைத்தது. அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த முதல் நாள் எபினேசருக்குப் பாதிச் சத்தம் என்னவென்றே தெரியவில்லை. ஃபேன் இவ்வளவு இரையுமா? தட்டை வைத்தால் இப்படியா இடிக்கும்? தலைவலி வந்தது. அப்போது ஷைனி சமையலறையிலிருந்து, சாம்பாருக்கு உப்பு போதுமா என்று பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டாள். எபினேசர் திடுக்கிட்டு எழுந்தார். யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்றே நினைத்தார்.

"ஏன் இப்புடிக் கத்துற?"

"நான் எங்க கத்துறேன்? சும்மாதான் கூப்டேன்."

"பக்கத்து ஊட்டுக்குக் கேக்கும் ஷைனி."

"பத்து வருஷமா கேட்டுக்கினுதான் கீறாங்க. நம்ம ஊட்டுக் கத எல்லாம் அவங்களுக்கு மனப்பாடம்."

ஜெபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஷைனி குரலைத் தாழ்த்திப் பேசிப் பார்த்தாள். மூன்று வார்த்தை வரைக்கும் தாழ்ந்தது. நான்காவது வார்த்தையில் மறுபடி ஏறிவிட்டது. பேக்கிங் செக்‌ஷனிலும் சூப்பர்வைசர் இதையேதான் சொல்கிறார் என்றாள். பழக்கம் போகக் கொஞ்ச நாள் ஆகும் போலிருக்கிறது. அதுவரை சாப்பாட்டு நேரத்தில் எபினேசர் அந்தக் கருவியை விரல் நுனியால் ஒரு புள்ளி குறைத்து வைத்துக்கொள்கிறார். ஷைனிக்கு அது தெரியும்.